கானாவில் கால்பந்துத் தன்னார்வலர் திட்டம்: வீட்டுக்கு 4, மைதானத்துக்கு இரண்டரை

கட்டணம் கட்டி கானாவுக்குப் போய், ஒரு குடும்பத்தோடு தங்கி, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கும் திட்டங்களைப் பற்றியது இந்த மதிப்புரை. அக்ராவிலும் கேப் கோஸ்ட்டிலும் பல நிறுவனங்கள் இதை விற்கின்றன. பெயர்தான் வேறு, உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஒன்றே: விமான நிலையத்தில் அழைத்துப்போக ஆள், ஹோஸ்ட் குடும்பத்தில் ஓர் அறை, இரண்டு அல்லது மூன்று வேளைச் சாப்பாடு, ஒரு உள்ளூர் ஒருங்கிணைப்பாளர், ஒரு மைதானம். விளம்பரப் படங்களில் மைதானம்தான் பெரிதாகத் தெரியும், வீடு ஒரு மூலையில் இருக்கும். கொடுத்த காசுக்கு வந்து சேரும் மதிப்பு நேர் எதிர். ஐந்துக்கு மதிப்பெண் போட்டால் வீட்டுக்கு 4, மைதானத்துக்கு இரண்டரை.

மைதானத்துக்கு ஏன் குறைவு என்றால், கானாவில் கால்பந்துப் பயிற்சியாளருக்குப் பஞ்சம் கிடையாது. 1963, 1965, 1978, 1982 என்று நான்கு முறை ஆப்பிரிக்கக் கோப்பையை வென்ற நாடு அது. ஊருக்கு ஊர் ‘கோல்ட்ஸ்’ என்ற பெயரில் சிறுவர் அணிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பல வருடமாகச் சம்பளமில்லாமல் உழைக்கும் ஒரு ‘கோச்’ உண்டு. பிள்ளைகளின் பெயர், வீட்டு நிலைமை, யார் நேற்று சாப்பிடவில்லை என்பது வரை அவருக்குத் தெரியும். அங்கே போகிறவர் அவருக்குக் கையாள்தான். இதை முன்கூட்டியே சொல்லும் நிறுவனத்தை நம்பலாம். “நீங்கள் இல்லாவிட்டால் இந்தப் பிள்ளைகளுக்கு யாருமில்லை” என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

முதலில் வீடு. நடுத்தரக் குடும்பங்கள்தான் பெரும்பாலும்: ஆசிரியர், நர்ஸ், கடை வைத்திருப்பவர். சுற்றுச்சுவருக்குள் முற்றம், அதைச் சுற்றி அறைகள், சித்தி மகள், அண்ணன் மகன் என்று எப்போதும் ஆள் நடமாட்டம். தனி அறை என்று சொன்னால் தனி அறைதான் கிடைக்கும். தனிக் குளியலறையை எதிர்பார்க்க வேண்டாம். குழாயில் தண்ணீர் தினமும் வராத பகுதிகள் அதிகம். அதனால் எல்லா வீட்டிலும் கறுப்பு பாலிடேங்க் ஒன்று நிற்கும். அது காலியானால் வாளிக் குளியல். ஒரு வாளி, ஒரு மக்கு. நமக்கு இது புதிதில்லை, ஐரோப்பியத் தன்னார்வலர்கள்தான் முதல் வாரம் திணறுவார்கள். குளித்து முடித்ததும் வாளியை நிரப்பி வைத்துவிட்டு வருவது வழக்கம். இதைச் செய்யாத விருந்தாளியை யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள், ஆனால் மறக்கவும் மாட்டார்கள்.

குடிக்க அரை லிட்டர் பாக்கெட் தண்ணீர். ‘பியூர் வாட்டர்’ என்பார்கள். 30 பாக்கெட் கொண்ட மூட்டையாக வாங்குவது மலிவு. மூலையைப் பல்லால் கடித்து உறிஞ்சுவதுதான் முறை, எனவே மேற்புறத்தைத் துடைத்துவிட்டுக் கடியுங்கள். பயிற்சி நாளில் ஒருவருக்கு ஏழெட்டுப் பாக்கெட் ஓடிவிடும். மூட்டை வீட்டுச் செலவில் வருகிறதா, உங்கள் செலவா என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். தொகுப்பில் “குடிநீர் உண்டு” என்று இருந்தாலும், மைதானத்தில் குடிப்பதை யாரும் கணக்கில் எடுத்திருக்கமாட்டார்கள்.

மின்சாரம் பெரும்பாலும் பிரீபெய்டு மீட்டர். காசு தீர்ந்தால் விளக்கு அணையும். ஊரே இருண்டால் ‘தும்சோர்’, அதாவது மின்வெட்டு; உங்கள் வீடு மட்டும் இருண்டால் மீட்டரில் காசில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒருங்கிணைப்பாளருக்குப் புகார் அனுப்பியவர்கள் உண்டு. கெட்டில், அயர்ன் பாக்ஸ், இரவெல்லாம் மின்விசிறி என்று நீங்கள் பயன்படுத்தினால் குடும்பத்தின் கணக்குதான் கரையும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கிரெடிட் வாங்கிக் கொடுப்பது, ஊரிலிருந்து கொண்டுபோகும் யானைப் பொம்மையைவிட நல்ல பரிசு. 230 வோல்ட்தான், நம் சார்ஜர்கள் ஓடும். ஆனால் இப்போதைய சுவர்களில் சதுர மூன்று பின் கொண்ட பிரிட்டிஷ் சாக்கெட்தான் அதிகம், ஓர் அடாப்டர் தேவை. கொசுவலை தருவார்கள், மாட்டக் கொக்கி இருக்கும் என்று நம்பவேண்டாம். நான்கு மூலையில் கட்டும் வலைக்குப் பதில், ஒரே புள்ளியில் தொங்கும் வட்ட வலையும் ஐந்து மீட்டர் நைலான் கயிறும் எடுத்துப்போனால் ஜன்னல் கம்பியிலிருந்தாவது கட்டிக்கொள்ளலாம்.

சாப்பாட்டில்தான் தமிழ்நாட்டுக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். மீன், கோழி சாப்பிடுகிறவருக்குக் கொண்டாட்டம். மரவள்ளியும் வாழைக்காயும் சேர்த்து இடித்த ஃபூஃபூ, புளித்த மக்காச்சோள மாவில் கிண்டிய பாங்கு, அதையே மக்காச்சோள மடலில் சுற்றி அவித்த கெங்கே: எல்லாமே நம் களியைப் போலத்தான், உருட்டிக் குழம்பில் தோய்த்து வலது கையால் சாப்பிட வேண்டும். ஃபூஃபூவை மெல்லாமல் விழுங்குவார்கள். அது இடிபடுவதை முற்றத்தில் நின்று பாருங்கள். ஒருவர் ஆளுயர உலக்கையை ஓங்கிப் போடுவார். எதிரே முக்காலியில் உட்கார்ந்த அம்மா, உலக்கை மேலே போகும் அந்த ஒரு நொடிக்குள் ஈரக் கையை விட்டு மாவை மடித்துத் திருப்பிவிடுவார். பேச்சு நிற்காது, கண் உரலில்கூட இருக்காது. ஆசைப்பட்டால் உலக்கையைக் கேட்டு வாங்குங்கள். மாவைத் திருப்புகிறேன் என்று மட்டும் உட்காராதீர்கள், விரல் போய்விடும்.

சைவர்களுக்கு வேலை கொஞ்சம் இருக்கிறது. “வெஜிடேரியன்” என்று படிவத்தில் எழுதினால், இறைச்சித் துண்டை எடுத்துவிட்டு அதே குழம்பை ஊற்றுவார்கள். அதில் கள்ளம் இல்லை, அங்கே அதற்கு அதுதான் பொருள். படிவத்தை நம்பாமல் நேரில் மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள்: கருவாடும் புகைமீனும் வேண்டாம், இறால் பொடியும் கோழி வாசனை மசாலாக் கட்டியும் வேண்டாம், இறைச்சி வெந்த குழம்பும் வேண்டாம். ஷித்தோ என்ற கறுப்பு மிளகாய்த் தொக்கு பார்க்க நம் புளிக்காய்ச்சல் மாதிரி இருந்தாலும் உள்ளே இறாலும் மீனும்தான். சைவத்துக்கு ஒத்துவருபவை: தட்டப்பயறைப் பாமாயிலில் வேகவைத்துப் பழுத்த வாழைக்காய் வறுவலோடு தரும் ‘ரெட் ரெட்’ (புகைமீன் போடாமல் செய்யச் சொல்லி), அரிசியும் பயறும் சோளத் தோகையோடு வெந்த வாச்சே, அவித்த சேனை போன்ற யாம், பழுத்த வாழைக்காயை இஞ்சி மிளகாயில் புரட்டிப் பொரித்த கெலேவெலே. முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இட்லிப்பொடியும் ஊறுகாயும் எடுத்துப்போங்கள், அளவோடு. தினமும் தட்டில் பொடியைத் தூவிக்கொண்டிருந்தால் சமைத்தவர் முகம் மாறும்.

இரவுச் சாப்பாடு ஏழரை, எட்டுக்கு முன் வராது. பயிற்சி ஆறுக்கே முடிந்துவிடும். அந்த இரண்டு மணி நேரப் பசிக்குத் தெருமுனையில் கரி அடுப்பில் சுட்ட வாழைக்காயும் ஒரு கை வேர்க்கடலையும் போதும்.

பழக்கவழக்கத்தில் ஒன்றே ஒன்றைக் கறாராகப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்: வணக்கம் சொல்லாமல் பேச்சைத் தொடங்கக் கூடாது. காலையில் அறையை விட்டு வந்ததும் முற்றத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் வணக்கம், பிறகுதான் “தண்ணீர் வருகிறதா” என்பது. பெரியவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆன்டி, அங்கிள், மாமே என்றுதான். கொடுப்பது, வாங்குவது, கையசைப்பது எல்லாம் வலது கை. உள்ளாடையை நீங்களே துவைத்துக்கொள்ள வேண்டும். பிறந்த கிழமையை வைத்து உங்களுக்கு ஒரு பெயர் வைப்பார்கள்: வெள்ளியில் பிறந்த ஆண் கோஃபி, சனியில் பிறந்த பெண் ஆமா. வெள்ளைக்காரர்கள் அதற்குக் கைப்பேசியில் நாட்காட்டி தேடிக்கொண்டிருக்கும்போது நம்மவர்கள் ஜாதகத்தை நினைத்துப் பட்டென்று சொல்லிவிடலாம். இது அற்ப விஷயமில்லை. நாற்பது பிள்ளைகளுக்கு உங்கள் தமிழ்ப் பெயர் வாயில் நுழையாது, கோஃபி ஒரே நாளில் ஒட்டிக்கொள்ளும்.

ஞாயிறு தேவாலயம். அழைப்பார்கள், கட்டாயமில்லை, ஆராதனை மூன்று மணி நேரம் போகலாம். சனிக்கிழமைகளில் துக்க நிகழ்ச்சிகள், கறுப்பும் சிவப்பும் உடுத்திய கூட்டம், பாதி அணி அதற்குப் போயிருக்கும். எனவே வாராந்தரப் போட்டியைச் சனிக்கிழமை வைப்பதானால் காலை ஏழு மணிக்கு வைத்து ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள்.

போக்குவரத்து ட்ரோட்ரோ, அதாவது பழைய மினிவேன். கதவோரம் தொங்கிக்கொண்டு ஊர்ப் பெயரைக் கூவும் ‘மேட்’டிடம் சில்லறை நோட்டாகக் கொடுங்கள்; பெரிய நோட்டை நீட்டினால் மீதி இறங்கும்போதுதான் வரும், சில நாள் வராது. பந்துப் பை பெரிதாக இருந்தால் அதற்கும் ஒரு இடத்துக் காசு கேட்பார்கள், அது நியாயம்தான். வீட்டிலிருந்து மைதானம் ஒரே ட்ரோட்ரோவா, மாறிப் போக வேண்டுமா என்று பணம் கட்டுமுன் கேளுங்கள். அக்ராவின் மாலை நெரிசலில் ஒரு மாற்றம் என்பது பயிற்சியில் அரைமணி இழப்பு.

இனி மைதானம். பெரும்பாலும் செம்மண்ணும் சரளையும், புல் என்பது ஓரத்தில் மட்டும். சூரியன் ஆண்டு முழுக்க மாலை ஆறையொட்டி மறைந்துவிடும், விளக்கு கிடையாது. பள்ளி விட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் தூக்கி வைத்துவிட்டு வர மூன்றரை ஆகும். ஆக உங்கள் கையில் இருப்பது இரண்டு மணி நேரம், அதிகபட்சம் இரண்டரை. பெண் பிள்ளைகளுக்கு மாலையில் வீட்டு வேலையும் கடை வியாபாரமும் கூடுதல். மாலைப் பயிற்சியில் அவர்கள் வரவில்லை என்று வருத்தப்படுவதைவிட, பள்ளியில் காலை உடற்பயிற்சி வகுப்பைக் கேட்டு வாங்குவதே வழி.

வழக்கமாக நடக்கும் தவறு வரிசை கட்டுவது. நாற்பது பேர், ஒரு கோல், ஒருவருக்குப் பத்து விநாடி என்றால் ஒரு பிள்ளைக்கு அடுத்த முறை பந்து கிடைக்க ஆறரை நிமிடத்துக்கு மேல் ஆகும். மூன்றாவது சுற்றில் வரிசையின் பின்பாதி மல்யுத்தத்தில் இறங்கியிருக்கும். நாற்பதை நான்கு பத்தாகப் பிரித்து, பத்துப் பத்து நிமிடமாக நான்கு இடம் சுழற்றுங்கள்: ஓரிடத்தில் எட்டுப் பேர் வட்டமாக நின்று பந்தைக் கடத்த, நடுவே இருவர் பறிப்பது, ஓரிடத்தில் கூம்புகளுக்கிடையே பந்தை உருட்டிச் செல்வது, மற்ற இரண்டிலும் ஐவருக்கு ஐவர், கல்லோ குச்சியோ நட்ட சின்ன கோல். மிச்ச நேரம் முழுக்க ஆட்டம். இதற்கு ஆறு பந்து, இரண்டு நிறத்தில் இருபது பிப் (அணி பிரிக்கச் சட்டைக்கு மேல் போடும் கையில்லா மேலாடை), இருபத்துநான்கு தட்டைக் கூம்பு போதும். விளக்கம் சொல்வதை முப்பது விநாடிக்குள் ஆங்கிலத்தில் முடித்து, கோச்சிடம் விடுங்கள். கேப் கோஸ்ட்டில் ஃபான்டேயிலும் குமாசிப் பக்கம் ட்வியிலும் அவர் மூன்று வார்த்தையில் சொல்வது உங்கள் மூன்று நிமிடத்துக்குச் சமம்.

பாதிப் பேர் பூட்ஸ், பாதிப் பேர் வெறுங்கால் என்பது அங்கே சாதாரணம். அதுதான் கால்விரல் நகம் பெயர்வதற்கு முதல் காரணம். இரண்டு வழி உண்டு: பூட்ஸ்காரர்களைத் தனிக் குழுவாக்குவது, அல்லது எல்லாரையும் கழற்றச் சொல்லி, சறுக்கிப் பறிப்பதைத் தடைசெய்வது. முதலுதவிப் பையில் பட்டை பட்டையாக வலி மருந்து வேண்டாம்; காஸ் துணி, பிளாஸ்திரி, பொவிடோன் அயோடின் நிறைய வேண்டும். சரளைக் காயத்தில் மண் உள்ளே நிற்கும். பாக்கெட் தண்ணீரின் மூலையைச் சின்னதாகக் கிழித்து அழுத்தினால் பீய்ச்சி அடிக்கும், அதுவே கழுவ நல்ல கருவி. உங்களுக்கு டெட்டனஸ் ஊசி காலாவதியாகாமல் இருக்கட்டும். ஷூ விஷயத்தில், நீண்ட ஸ்டட் இந்தத் தரைக்கு ஆகாது, கணுக்கால் மடங்கும். சின்னச் சின்ன ரப்பர் குமிழ் கொண்ட டர்ஃப் ஷூ வாங்குங்கள்.

பந்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நன்கொடையில் அதிகம் வீணாவது அதுதான். பளபளக்கும் ஒட்டுப் பந்து சரளையில் சில வாரத்தில் தோல் உரிந்துவிடும், கிழிந்தால் தைக்கவும் முடியாது. கையால் தைத்த பந்தானால் தையலைப் பிரித்து உள்ளே இருக்கும் காற்றுப் பையை, அதாவது பிளாடரை மாற்றலாம், ஊர்ச் செருப்புத் தைப்பவரே செய்வார். வெறும் மண்ணுக்கு மிக நீடிப்பது முழு ரப்பர் பந்து. தலையால் முட்டினால் வலிக்கும், ஆனால் பருவம் முழுக்க உழைக்கும். பிளாடர் பியூட்டைல் என்றால் காற்று நிற்கும், லேடெக்ஸ் என்றால் ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை அடிக்க வேண்டும். 8 முதல் 12 வயதுக்கு சைஸ் 4, அதற்கு மேல் சைஸ் 5. விதிப்படி சைஸ் 5-க்குக் காற்றழுத்தம் 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ.; வெறுங்கால் பிள்ளைகளுக்குக் கீழ் எல்லையில் வையுங்கள். ஊசியை ஈரப்படுத்தாமல் குத்தினால் வால்வு கிழியும், பம்பைச் சாய்த்தால் ஊசி முறியும். பத்து ஊசி எடுத்துப்போங்கள். பந்து இருந்தும் ஊசி இல்லாமல் அலமாரியில் சப்பிக் கிடப்பவை ஏராளம்.

கிரிக்கெட் கற்றுக்கொடுக்கலாம் என்று கிளம்புகிறவர்களுக்கு: அக்ராவில் அச்சிமோட்டா ஓவல் இருக்கிறது, 2024 மார்ச்சில் ஆப்பிரிக்க விளையாட்டுப் போட்டிகளின் கிரிக்கெட் அங்கேதான் நடந்தது. ஆனால் ஆர்வம் சில பள்ளிகளோடு நின்றுவிடுகிறது. விளம்பரத்தில் கிரிக்கெட் இருந்தாலும், எந்தப் பள்ளி, எத்தனை மட்டை, யார் கோச் என்று பெயரோடு பதில் வராவிட்டால் கால்பந்தோடு ஒதுக்கிவிடுவார்கள்.

பிள்ளைகளும் சில பெற்றோரும் “வெளியே ஒரு கிளப்பில் சேர்த்துவிடு” என்று கேட்பார்கள். கேட்காத வாரம் இருக்காது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை நாடுவிட்டு நாடு மாற்றுவதை, சில விதிவிலக்குகள் தவிர, ஃபிஃபாவின் 19-ஆம் விதி தடுக்கிறது. அதையே சொல்லிவிடுங்கள். ஆட்டத்தைப் படம்பிடித்து “அனுப்பிப் பார்க்கிறேன்” என்பது கருணை போலத் தோன்றும். இல்லாத டிரையலுக்குக் காசு பிடுங்கும் போலி ஏஜென்டுகள் தொடங்குவதும் அதே வாக்கியத்தில்தான்.

எப்போது போவது? தென்பகுதியில் ஏப்ரல் முதல் ஜூன் வரை பெருமழை, செப்டம்பர் முதல் நவம்பர் வரை சிறுமழை. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை சஹாராப் புழுதியோடு ஹர்மட்டான் காற்று. ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலர் இல்லாமல் கிளம்பக் கூடாது. பிப்ரவரி, மார்ச் மாதங்கள்தான் பள்ளியும் இருந்து தரையும் காய்ந்திருக்கும் காலம். பள்ளி விடுமுறைத் தேதிகள் சமீப ஆண்டுகளில் அடிக்கடி நகர்ந்திருக்கின்றன, எழுத்தில் கேளுங்கள். அக்ராவில் ஹோமோவோ திருவிழாவுக்கு முன் சுமார் ஒரு மாதம் மேளம், ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. அந்தத் தடை வழக்கமாக மே, ஜூனில் வரும். அந்த நாட்களில் விளையாட்டு விழா வைத்து ஸ்பீக்கர் கட்டிவிடாதீர்கள்.

இரண்டு வாரத் திட்டம் வேண்டவே வேண்டாம். வயிறு பழகவும் ட்ரோட்ரோ பழகவும் ஒரு வாரம், பெயர்கள் பழக ஒரு வாரம், பிறகு வழியனுப்பு விழா. பிள்ளைகளுக்கும் அது நல்லதில்லை. எட்டு வாரத்துக்குக் குறைந்தால் அதே காசில் நல்ல சுற்றுலா போகலாம்.

பணம் கட்டுமுன் நிறுவனத்திடம் வாரத்துக்கு எவ்வளவு குடும்பத்துக்குப் போகிறது, அணிக்கோ பள்ளிக்கோ எவ்வளவு போகிறது என்று கேளுங்கள். தொகையைச் சொல்லாமல் “சமூக மேம்பாட்டுக்கு” என்றால் எதுவும் போகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். காவல்துறைச் சான்றிதழ் (நமக்குப் பாஸ்போர்ட் சேவா வழியாகக் கிடைப்பது) கேட்காத நிறுவனத்தில் சேராதீர்கள். உங்களிடம் கேட்கவில்லை என்றால் பக்கத்து அறைக்காரரிடமும் கேட்டிருக்கமாட்டார்கள், அந்த வீட்டிலும் மைதானத்திலும் இருப்பது பிள்ளைகள். எந்த வகை விசாவில் இந்த வேலை செய்யலாம் என்பதையும் அவர்களே எழுதித் தர வேண்டும்.

உடல்நலம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி இல்லாமல் கானாவுக்குள் விடமாட்டார்கள். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும் போடுவார்கள், சென்னையில் கிண்டி கிங் நிலையம் அதில் ஒன்று. போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும், அப்புறம் ஆயுளுக்கும் போதும். மலேரியா மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்: அட்டோவகோன்-ப்ரோகுவானில் என்றால் திரும்பிய பின் 7 நாள், டாக்ஸிசைக்கிளின் என்றால் 4 வாரம் தொடர வேண்டும். டாக்ஸிசைக்கிளின் வெயிலில் தோலைச் சுட்டுவிடும். மாலை முழுக்க மைதானத்தில் நிற்பவர் இதைச் சொல்லிக் கேட்க வேண்டும். அங்கே காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை, நாளைக்குப் பார்க்கலாம் என்பது இல்லை. கேப் கோஸ்ட் கடற்கரை அழகுதான், இறங்காதீர்கள், நீரோட்டம் இழுத்துவிடும்.

மஞ்சள் காய்ச்சல் அட்டை திரும்பும்போதும் கைப்பையில் இருக்கட்டும். கானாவிலிருந்து வருகிறவர்களிடம் இந்திய விமான நிலையச் சுகாதார மேசையில் அதைக் கேட்பார்கள். காட்ட முடியாவிட்டால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். செக்-இன் செய்த பெட்டிக்குள் இருக்கிறது என்று அந்த மேசையில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.